இரண்டு நீல மூடிகள்

1

ஞாயிறு மாலை பக்கத்து ஃபிளாட் அந்தோணி கதவைத் தட்டி, கருப்பு ஷூ பாலிஷ் இருக்கிறதா என்று கேட்டார். அவர் பாலிஷ் போட்ட ஷூவில் நடந்து இந்த மூன்று ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை விடுமுறையில் ஊருக்குப் போகிறார் என்பது தெரியும். ஆகவே எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதன் மேல் பூச என்று கேட்டேன்.

“கார் ஏசி கம்ப்ரசர் சார். மச்சான் வேனுக்கு. பளபளன்னு இருக்குல்லா, கஸ்டம்ஸ்ல புடிச்சிருவாங்கல்லா?”

ஊரில் இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மஸ்கட்டில் வேலை செய்யும் தமிழர்களிடம் ஒரு கைத்தொழில் உண்டு: புதியதைப் பழையதாக்குவது. சட்டைகளை ஒருமுறை நனைத்து, இஸ்திரி போடாமல் மடிப்பார்கள். மிக்ஸியில் ஒருமுறை சட்னி அரைத்து, அரைகுறையாகக் கழுவுவார்கள். விலைச்சீட்டைச் சுரண்டிய இடத்தில் பசை தெரியாமலிருக்க மண்ணெண்ணெய் தடவுவார்கள். அட்டைப் பெட்டியை மட்டும் எறியமாட்டார்கள். அதைப் பிரித்துத் தட்டையாக்கிச் சூட்கேஸின் அடியில் வைப்பார்கள். ஊரில் இறங்கியதும் அதை மறுபடி மடித்து ஒட்டி, பொருளை உள்ளே வைத்து, “புத்தம் புதுசு, பெட்டியோட கொண்டாந்தேன்” என்று நீட்ட வேண்டுமல்லவா? அதிகாரியிடம் பழசு, மாமியாரிடம் புதுசு. இந்த இரண்டு பொய்களுக்கும் இடையே சில மணி நேர விமானப் பயணம்.

இதை நான் ஏளனமாக எழுதுவதாகத் தோன்றினால், சரியாகவே தோன்றுகிறது. பதினைந்து ஆண்டுகளாகத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். பிறருடைய சரக்குக்குச் சுங்கப் படிவம் நிரப்புவது என் வேலை. காலை ஏழரை முதல் மாலை நான்கு வரை மூன்று பிரதிகள், நான்கு முத்திரைகள். ஒரு படிவத்தில் எடை கால் கிலோ மாறினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரோடுதான் 2003 கோடையில் நான் செய்ததைச் செய்தேன். அந்த ஆண்டின் டைரி இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது.

2

என் அண்ணன் வடசென்னையில், எர்ணாவூரில் இருக்கிறார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஓர் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுவிட்டது. ஆலையின் தூசியா, அவர் பிடித்த பீடியா, அந்தப் பகுதியின் காற்றா என்று எந்த மருத்துவரும் காகிதத்தில் எழுதவில்லை. எழுதினால் யாராவது பொறுப்பேற்க வேண்டிவரும். அதனால் நோயின் பெயரை மட்டும் எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கட்டங்களை நிரப்பிப் பிழைப்பவன் நான். அந்தக் கோட்டின் பொருள் எனக்குத் தெரியும்.

வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், நகருக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூரம் அதிகமில்லை. ஆனால் அது துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் சாலை. லாரிகள் போகின்றன என்பதைவிட நிற்கின்றன என்பதே சரி. ஓட்டுநர்கள் இறங்கி, லாரி நிழலில் ஸ்டவ் பற்றவைத்து, குழம்பு வைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி ஏறும்போதும் வரிசை அதே இடத்தில்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூளும் டீசல் புகையும். மூடினால் புழுக்கம். இரண்டிலும் அண்ணனுக்கு மூச்சு முட்டும்.

அந்தச் சாலைக்காகவே 1996 விடுமுறையில் ஏசி பொருத்திய ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அப்போதே அதற்கு எட்டு வயது. எர்ணாவூரின் உப்புக் காற்று இரும்பைத் தின்னும், மெல்லிய அலுமினியத் தகட்டை அதைவிட வேகமாகத் தின்னும். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் என்று ஒரு வலை இருக்கும். ஏசியின் கேஸ் அதில் ஓடித்தான் சூட்டை வெளியே விடும். 2003இல் அந்த வலை தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. கேஸ் முழுவதும் வெளியேறிவிட்டது.

அண்ணி தொலைபேசியில் சொன்னார். “தம்பி, வண்டில காத்து வர்லப்பா. ஆஸ்பத்திரி போயிட்டு வந்தா ரெண்டு நாளு எழுந்துக்க மாட்றாரு. வைத்தியத்துக்குப் போறதே வியாதியாப் பூட்ச்சி.”

நான் தேவையானவற்றைப் பட்டியலிட்டேன். கண்டென்சர் ஒன்று. கேஸை மயிரிழைத் துளை வழியே பீய்ச்சிக் குளிராக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு ஒன்று. ரப்பர் வளையங்கள் ஒரு தொகுதி. டிரையர் ஒன்று. இந்த டிரையர் சோடா பாட்டில் உயரத்தில் ஓர் உலோக உருளை. உள்ளே மணிமணியாக இருக்கும் சரக்கு, கேஸில் கலந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு இரண்டு வாய். இரண்டிலும் நீல பிளாஸ்டிக் மூடி.

3

இனி நான் செய்தது. கண்டென்சரின் தகடுகள் நேராகவும் புதிதாகவும் இருந்தன. தேக்கரண்டிக் காம்பால் ஓரத்தில் சிலவற்றை வளைத்தேன். சமையல் எண்ணெயில் அடுப்புக் கரியைக் குழைத்துப் பூசினேன். டிரையர் உடம்பில் கருப்பு பாலிஷ். எல்லாம் திருப்தியாக வந்தது. நீல மூடிகள் மட்டும் கண்ணை உறுத்தின. அவற்றின் மேல் பாலிஷ் ஒட்டவில்லை. எவ்வளவு தடவினாலும் புதுசு புதுசு என்று காட்டிக்கொடுத்தன.

மகள் ஆர்த்திக்கு அப்போது பதினான்கு வயது. கட்டிலில் சாய்ந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும், சில சமயம் இந்தியில். டிரையரோடு வந்து நான் குப்பையில் போட்ட குறிப்பு அட்டையை எடுத்து அதில் ஆங்கிலத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள். பொருத்தும் நேரம்வரை மூடிகளைக் கழற்ற வேண்டாம் என்று இருந்தது.

“அப்படித்தான் எழுதுவாங்க. நீ உன் துணியை எடுத்து வை” என்றேன். இரண்டு மூடிகளையும் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

ஆகஸ்ட் மாதத்து மஸ்கட் எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சுவரே வியர்க்கும். அந்தக் காற்றில் மூன்று நாள் அந்த டிரையர் வாயைத் திறந்தபடி கிடந்தது. பிறகு, அரைகுறையாக உலர்ந்த ஒரு துண்டில் சுற்றி அதைச் சூட்கேஸில் வைத்தேன். பயணத்தில் அடிபடக் கூடாதே என்ற அக்கறை.

சென்னையில் சுங்கக் கூடத்தைக் கடந்தபோது ஓர் அதிகாரி கொட்டாவி விட்டார். இன்னொருவர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். என் சூட்கேஸை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டைரியில் அன்று எழுதியிருப்பது: “தயாரிப்பு பலித்தது.”

4

இருபத்தொரு நாள் விடுமுறை. இரண்டாம் நாள் காரை நகரின் நடுவே கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப்போனேன். டை கட்டிய இளைஞர் ஒருவர் காரைச் சுற்றிவந்தார். தொடவில்லை. “இதுல ஏசியைச் சரி பண்றதுக்கு, ஏசியோட ஒரு வண்டியா பாத்துடலாமே சார்” என்று சொல்லி, ஒரு வண்ணப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அந்த இடத்தின் குளிர் நன்றாக இருந்தது. அதைத் தவிர அங்கே எதுவும் கிடைக்கவில்லை.

அண்ணன் முதலிலேயே சொன்ன ஆள் கஜா. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அவருடைய தகரக் கொட்டகை. வயது ஐம்பது இருக்கும். காசிமேட்டில் ஓர் ஐஸ் பேக்டரியில் மெஷின் பார்த்தவர். மீனுக்குக் குளிர் கொடுத்துப் பழகி, பிறகு காருக்கு வந்தவர். குழாய்களிலிருந்து காற்றை இழுத்து வெற்றிடமாக்க அவரிடம் இருந்த இயந்திரம், ஒரு பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசர். மீன் கூடை ஒன்றில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். நான் மூக்கைச் சுளித்தேன். டைரியில்: “கருவிகள் தரம் குறைவு. கூடையில் மீன் நாற்றம்.”

மூன்றாம் நாள் காலை கொட்டகை வாசலில் துண்டை விரித்து என் சாமான்களை வரிசையாக வைத்தேன். கஜா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா சார், புச்சுன்னீங்க. அடுப்புல கெடந்தது மாதிரி கீது?”

கரியின் காரணத்தைச் சொன்னேன். முகத்தில் சிரிப்பு வராமல் தலையாட்டினார். டிரையரை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். இரண்டு வாய்களையும் கட்டைவிரலால் தடவினார்.

“மூடி எங்க சார்?”

“கழட்டிட்டேன்.”

“எப்போ?”

“கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி.”

கஜா விரல் விட்டு எண்ணினார். “ஒரு வாரமா வாயத் தொறந்துகினு கீது. சார், இது தண்ணி குடிக்கிற சாமான். மூடி எதுக்குப் போட்டுக் குட்த்தான்? நம்ம வண்டில வந்து குடிக்கணும்னு. இது மஸ்கட்ல ஒரு தபா குட்ச்சிக்கிது, பிளேன்ல ஒரு தபா குட்ச்சிக்கிது, எர்ணாவூர்ல வந்து தொண்டை வரிக்கும் குட்ச்சிக்கிது. இன்னமே இன்னாத்த குடிக்கும்?”

“இது ஜப்பான் சாமான்.”

“ஜப்பான்காரனுக்கு மட்டும் ரெண்டு வவுறா சார்? இத்த ஓரமா வைங்க. இங்கியே நல்ல டிரையர் பாட்டில் கெடைக்கும், மூடியோட. போயி வாங்கியாறேன்.”

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணன் வாயைத் திறந்தார். “டேய், அவன் சொல்றத கேளுடா. அவன் ஐஸ்லயே பொறந்தவன்.”

“அண்ணே, நீ சும்மா இரு” என்றேன். உள்ளூரில் கிடைப்பதெல்லாம் பெட்டி மாற்றிய போலி என்றேன். காகிதம் இல்லாத சரக்கை நான் நம்புவதில்லை என்றேன். வளைகுடாவில் எல்லாரும் சொல்லும் சொல்லை அங்கேயும் சொன்னேன்: “கலாஸ். இதையே மாட்டுங்க.”

“இன்னாடா கலாஸு?” என்றார் அண்ணன்.

“முடிஞ்சதுன்னு அர்த்தம். அரபி.”

“முடிஞ்சதா? அவன் இன்னும் ஸ்பேனர்ல கையே வெக்கல.”

நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்பதைப் பிற்பாடு பல முறை யோசித்திருக்கிறேன். கஜா சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. அதே செய்தியை என் மகள் அட்டையிலிருந்து படித்துக் காட்டியிருந்தாள். ஆனால் அதை ஒப்புக்கொண்டால், பதினோரு ஆண்டு வெளிநாட்டிலிருந்து அண்ணனின் மூச்சுக்காக நான் கொண்டுவந்த பொருளை நானே என் கையால், ஒரு கொட்டாவி விடும் அதிகாரிக்குப் பயந்து, கெடுத்தேன் என்றாகும். வெளிநாட்டுத் தமிழனால் நிறைய ஒப்புக்கொள்ள முடியும்: அங்கே தனிமை, ஊர் நினைப்பு, தூக்கமில்லை என்றெல்லாம் சங்க விழா மேடையில் மைக் பிடித்து அழுவான். தான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் ஒரு மெக்கானிக் முன்னால் ஒப்புக்கொள்ளமாட்டான்.

கஜா எழுந்து கையைத் துடைத்தார். “சரி சார். உங்க வண்டி, உங்க சாமான். மாட்றேன். ஆனா ஒண்ணு சொல்லிக்கினேதான் மாட்டுவேன். பத்து நிமிசம் சோக்கா வரும். அப்பால அந்தத் தண்ணி வால்வுல போயி ஐஸாப் பூடும், காத்து நின்னுடும். கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வெச்சா ஐஸு கரையும், மறுபடி வரும். மறுபடி நிக்கும். அப்ப என்னத் திட்டக் கூடாது.”

“திட்டமாட்டேன்” என்றேன், அவர் அறியாமையைப் பொறுத்துக்கொள்ளும் குரலில்.

5

ஆறாம் நாள் வேலை முடிந்தது. கஜா ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்தார். மீன்கூடை இயந்திரம் இரண்டு மணி நேரம் இழுத்தது. கேஸ் ஏற்றினார். நான் ஒரு வெப்பமானியைக் காற்று வரும் துளையில் செருகி, கடிகாரத்தைப் பார்த்தபடி சந்திலிருந்து தேரடிவரை ஓட்டித் திரும்பினேன். அருமையான குளிர். வெப்பமானியை எடுத்து கஜாவின் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

“எவ்ளோ நேரம் ஓட்னீங்க சார்?”

“எட்டு நிமிஷம்.”

“ம்” என்றார். அவ்வளவுதான்.

டைரியில் அந்த நாளின் கடைசி வரி: “உள்ளூர் மெக்கானிக்குகளின் மூடநம்பிக்கை.” அதை நான் அடிக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன், அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதற்காக.

6

எட்டாம் நாள் செவ்வாய். நான் ஓட்டினேன். அண்ணன் முன் இருக்கையில். பின்னால் அண்ணியும் ஆர்த்தியும். ஜன்னல்கள் நான்கையும் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். அண்ணன் முகத்தைக் காற்றுத் துளைக்கு நேராக நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

“டேய், மெய்யாலுமே ஜில்லுன்னு கீதுடா” என்றார். என் மனம் நிறைந்தது. ஐந்து நிமிடத்தில் கண்டெய்னர் வரிசைக்குள் நுழைந்தோம். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒன்று, வலப்புறம் இரண்டு. இடப்புறம் புழுதி மேடு. நின்றுவிட்டோம்.

பதினொன்றாவது நிமிடம் குளிர் குறைந்தது. பதின்மூன்றாவது நிமிடம் வந்தது வெறும் காற்று, அதுவும் சூடு. வெப்பமானியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அண்ணன் கண்ணைத் திறந்து துளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கலாஸ்டா” என்றார்.

அதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கினேன். பக்கத்து லாரியின் புகை நேராக உள்ளே வந்தது. ஏற்றினேன். அவர் இரண்டு கைகளையும் டாஷ்போர்டில் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. உதட்டில் நிறம் மாறுவதைக் கண்டேன். அண்ணி தண்ணீர் பாட்டிலைத் துண்டில் கவிழ்த்து, பின்னாலிருந்து எட்டி அவர் முகத்தில் ஒற்றினார்.

“இன்னாப்பா தம்பி இது? புச்சா போட்டேன்னியே, எங்கப்பா காத்து?”

ஏசியை அணைத்தேன். கஜா சொன்னபடி அணைத்தேன். ஐஸ் கரைய வேண்டும். அந்தப் பெரிய சாலையில், இத்தனை லாரிகளுக்கு நடுவே, ஒரு மயிரிழைத் துளையில் உறைந்த சில துளி மஸ்கட் ஈரம் கரைவதற்காக நான்கு பேர் காத்திருந்தோம். ஆர்த்தி மருத்துவமனைக் காகித உறையால் பெரியப்பாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். கை மாற்றி மாற்றி விசிறினாள். இருபது நிமிடம் கழித்துப் போட்டேன். குளிர் வந்தது. ஒன்பது நிமிடம் வந்தது. நின்றது.

அப்படியே மூன்று சுற்று. ஒவ்வொன்றையும் கடிகாரத்தில் பார்த்தேன். அதைத் தவிர அங்கே செய்ய எனக்கு எதுவும் தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் ஆர்த்தி விசிறுவதை நிறுத்தாமல் சொன்னாள்.

“அப்பா, நான் படிச்சேன்ல.”

அந்த விடுமுறையில் அவள் என்னிடம் பேசிய முழுத் தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான்.

7

மருத்துவமனையில் அண்ணனை அன்று திருப்பி அனுப்பவில்லை. இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். படிவத்தில் காரணம் என்ற கட்டம் இருந்தது. இந்த முறையும் ஒரு கோடு போட்டார்கள். எழுதச் சொல்லியிருந்தால் என் பெயரை எழுதியிருப்பேன் என்று இப்போது சொல்வது எளிது. அப்போது சொல்லவில்லை.

காரை கஜாவின் கொட்டகைக்கு ஓட்டிப்போய் சாவியை நீட்டினேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. “நைனாக்கு எப்டி கீது?” என்று அண்ணனைப் பற்றி மட்டும் கேட்டார். சொன்னேன். சற்று நேரம் ஸ்பேனரைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தார்.

“நானும் கலீஜ் பையன்தான் சார். நீங்க சொன்னாலும் நான் மாட்டியிருக்கக் கூடாது. நைனா ஒக்காந்துகினு இருந்தாரு. ஒரு அடி குட்த்தாவது நிறுத்தியிருக்கணும்.”

“அடிச்சிருக்கலாம்” என்றேன்.

“மஸ்கட் சாரை அட்ச்சா போலீஸ் வருமேன்னு பாத்தேன்.”

என் டிரையரைக் கழற்றி, ஆக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தார். மணிகளை உள்ளங்கையில் கொட்டி நசுக்கினார். அவற்றில் சில சேறுபோல் வழுக்கின. அவற்றை என் கையில் தட்டினார்.

உள்ளூர் டிரையரை அவரே போய் வாங்கிவந்தார். அதன் வாய்களிலும் நீல மூடிகள், அதே நீலம். மற்ற எல்லா இணைப்புகளையும் முடித்து, உட்புறத்தைக் கழுவி, வால்வை மாற்றி, கடைசியில்தான் அதைக் கையில் எடுத்தார். கையில் எடுப்பதற்கு முன்னால் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார். குழாய் முனைகளை இரண்டு பக்கமும் தயாராகப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“சார், மூடிய நீங்களே கழட்டுங்க. உங்களுக்குத்தான் அனுபவம் கீது.”

குனிந்து கழற்றினேன். “மூச்ச அடக்குங்க, ஊதாதீங்க. வாய் ஈரம் போவும்” என்றார். அடக்கினேன். நான் திரும்ப மூச்சு விடுவதற்குள் இரண்டு பக்கமும் முடுக்கிவிட்டார். ஒரு பொருள் திறந்திருக்க வேண்டிய நேரம் அவ்வளவுதான். நான் ஒரு வாரம் திறந்து வைத்திருந்தேன்.

மீன்கூடை இயந்திரம் அன்று நான்கு மணி நேரம் ஓடியது. நான் பக்கத்திலேயே நின்றேன். நாற்றம் இருக்கத்தான் செய்தது. இரண்டு நீல மூடிகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவை இப்போது அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

8

எர்ணாவூர்க் காற்று சும்மா இருக்கவில்லை. 2005இல் அது கண்டென்சரை மறுபடி தின்றது. இந்த முறை எல்லாவற்றையும் பெட்டியோடு, மூடியோடு, ரசீதோடு கொண்டுபோனேன். வரி கட்டத் தயாராக, பொருள் அறிவிப்போர் வரிசையில் போய் நின்றேன். அதிகாரி ரசீதைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இதுக்கா சார் இந்த லைன்ல வந்தீங்க? இதெல்லாம் வரி இல்லாத அலவன்ஸுக்குள்ளதான் வரும். போங்க, பின்னாடி ஆளு நிக்குது.”

போன முறையும் அப்படித்தானா என்று அவரைக் கேட்கவில்லை. மஸ்கட் திரும்பியதும் அலுவலக அலமாரியிலிருந்து இந்தியச் சுங்க விதிப் புத்தகத்தை எடுத்தேன். பிறருடைய சரக்குக்காக நான் பல முறை புரட்டிய புத்தகம். பயணிகள் கொண்டுவரும் உடைமைகள் பற்றிய பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு பென்சில் குறிகூட இருந்தது. 2003 கோடையில் நான் கொண்டுபோன அத்தனையும் வரியில்லாமல் வெளிப்படையாக எடுத்துப்போகக் கூடியவை. கரி பூசியிருக்க வேண்டாம், தேக்கரண்டியால் வளைத்திருக்க வேண்டாம், மூடியைத் தொட்டிருக்கவே வேண்டாம். ஒரு பக்கத்தைப் புரட்ட முடியாத என் கோழைத்தனத்துக்கு விலையாக அண்ணன் டாஷ்போர்டில் கையூன்றி மூச்சுக்குத் தவித்தார்.

இதையெல்லாம் அந்தோணியிடம் ஞாயிறு மாலை உட்காரவைத்துச் சொன்னேன். கம்ப்ரசரின் துளைகளிலும் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே ஈரம் இறங்கிவிடும், வேன் நடுரோட்டில் நிற்கும், அதில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசியுங்கள் என்றேன். விதிப் புத்தகத்தின் பக்கத்தை நகலெடுத்துத் தருவதாகச் சொன்னேன். மிகவும் மரியாதையாகக் கேட்டார். டீயையும் குடித்து முடித்தார்.

“நீங்க சொல்றது சரிதான் சார்” என்று எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். “பிரவுன் பாலிஷாவது இருக்குமா?”

இல்லை என்றேன்.

இன்று செவ்வாய். அந்தோணி விடியலில் போய்விட்டார். நான் வேலைக்குக் கிளம்பியபோது மாடிப்படிக் குப்பைத் தொட்டியில் ஒரு காலி பாலிஷ் டப்பாவும் இரண்டு சிவப்பு மூடிகளும் கிடந்தன. அவற்றை எடுத்து வந்து இழுப்பறையில் நீல மூடிகளோடு போட்டேன். இனி யார் கேட்டாலும் கதை சொல்லப்போவதில்லை.

ஒன்பதரை மணிக்கு, ஊரில் பதினொன்று, அண்ணன் மொபைலுக்குக் கூப்பிட்டேன். செவ்வாய்தோறும் கூப்பிடுவேன். மருத்துவமனைக்குக் காரை ஓட்டுவது இப்போது அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர். அண்ணியும் உடன் போவார். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தது அண்ணி. குரல் கிசுகிசுப்பாக இருந்தது. பின்னணியில் லாரிகளின் ஹார்ன் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்டது. அதற்கும் கீழே, சீராக, நிற்காமல், ஏசிக் காற்றின் சத்தம்.

“எங்கே இருக்கீங்க அண்ணி?”

“அதே எடத்துலதான். ஒரு மணி நேரமா நின்னுகினு கீறோம்.”

“அண்ணன் கிட்ட குடுங்க.”

“தூங்குறாரு தம்பி. ஏறி ஒக்காந்தவொடனே தூங்கிட்டாரு. அப்பால பேசு” என்று சொல்லி வைத்துவிட்டார்.